எந்த வீட்டுக் கதவை யார் தட்டுவது? சின்ன ஊருக்கான பேரிடர் முன்னேற்பாடு, படிப்படியாக

இது இருநூறு முந்நூறு வீடுகள் இருக்கும் ஊருக்காக எழுதியது. பவானி ஆற்றிலிருந்து முக்கால் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எங்கள் ஊரில் இதை ஒருமுறை தப்பாகச் செய்தோம், அடுத்த வருசம் திருத்திச் செய்தோம், அப்புறம் பக்கத்து மூன்று ஊர்களுக்கும் போய்க் கூட உட்கார்ந்தேன். நாலு ஊரிலும் ஒரே இடத்தில்தான் தடுக்கியது. முதல் கூட்டத்திலேயே டார்ச் லைட் எத்தனை, கயிறு எத்தனை மீட்டர், பணம் யார் போடுவது என்று பேச்சு போய்விடுகிறது. சாமான் வந்து பீரோவில் பூட்டப்படுகிறது. தண்ணீர் ஏறும் ராத்திரியில் தெற்கு வளவில் படுத்த படுக்கையாக இருக்கும் ஆத்தாவை யார் போய்த் தூக்குவது என்று யாருக்கும் தெரியவில்லை.

அதனால் சாமானைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். ஆபத்து எது, ஆள் யார், இடம் எது, சேதி எப்படிப் போகும், இந்த நாலும் முடிந்த பிறகுதான் வாங்குவது எல்லாம். உங்கள் குடும்பத்தை மட்டும் தயார் செய்ய நினைத்தால் 1, 6, 8 பகுதிகளை முதலில் படியுங்கள். ஊர்ப் பொறுப்பில் இருந்தால் வரிசை மாற்றாமல் போங்கள்.

தொடங்கும் முன்

ஒரு பெரிய நோட்டு வேண்டும். பென்சிலால் எழுதுங்கள், பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். ஊர் வரைபடம் ஒன்று வேண்டும். விஏஓ அலுவலகத்தில் உள்ள கிராம வரைபடத்தைப் பார்த்து, சார்ட் பேப்பரில் வீதி, வளவு, இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகும் தோட்டத்துப் பாதை), பள்ளம், வாய்க்கால், தரைப்பாலம், டிரான்ஸ்பார்மர் எல்லாம் கையால் வரைந்தால் போதும்.

ஆட்கள்: ஊராட்சித் தலைவர் (அவர் இடத்தில் தனி அலுவலர் இருந்தால் ஊராட்சிச் செயலர்), விஏஓ அல்லது அவருடைய உதவியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், டேங்க் ஆபரேட்டர், மகளிர் குழுவில் இருந்து குறைந்தது இரண்டு பேர். லைன்மேனும் வந்தால் ரொம்ப நல்லது. மகளிர் குழுவை விட்டுவிட்டுத் தொடங்காதீர்கள். எந்த வீட்டுக்குள் யார் நோயாகக் கிடக்கிறார்கள் என்பது டீக்கடைப் பெஞ்சில் இருப்பவர்களுக்குத் தெரியாது, மகளிர் குழுவினருக்குத் தெரியும்.

1. உங்கள் ஊருக்கு எது வரும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நம் பக்கத்து ஆற்றங்கரை ஊர்களுக்கு வெள்ளம் பெரும்பாலும் வெயிலோடு வரும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதைப் புரிய வைப்பதுதான் கஷ்டம். பவானியில் வருவது நீலகிரியில் பெய்து, பில்லூர் வழியாகப் பவானிசாகருக்கு வந்து சேர்ந்த தண்ணீர். காவிரியில் வருவது குடகிலும் வயநாட்டிலும் பெய்து மேட்டூருக்கு வந்தது. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூரில் இருந்து விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கன அடி திறந்தபோது பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம், ஈரோடு கருங்கல்பாளையம் என்று கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஊரில் மேகம் கறுத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் கிளம்ப நேரம் இருக்காது.

ஆகவே வானத்தைப் பார்ப்பதோடு அணை மட்டத்தையும் பாருங்கள். முழு மட்டம் மேட்டூருக்கு 120 அடி, பவானிசாகருக்கு 105 அடி, அமராவதிக்கு 90 அடி. பவானிசாகரில் அக்டோபர் கடைசி வரை 102 அடிக்கு மேல் தேக்குவதில்லை. 100 தாண்டி வரத்தும் குறையாமல் இருந்தால் உபரி நீர் எந்நேரமும் வரலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிப்பெருக்கும் இந்தக் காலத்தில்தான் வருகிறது, படித்துறையில் கூட்டம் சேரும் நாளும் ஆறு ஏறும் நாளும் ஒன்றாகிவிடும்.

ஆற்றிலிருந்து தள்ளி இருக்கும் ஊர்களுக்குக் கதை வேறு. பள்ளத்திலும் ஓடையிலும் வருவது ஐப்பசி கார்த்திகையில் திடீரென்று வரும், வந்த வேகத்தில் வடியும், தரைப்பாலத்தில் ஆளை அடித்துக்கொண்டு போகும். சித்திரை வைகாசியில் கோடை மழையோடு வரும் சூறைக்காற்று வாழையை மட்டும் சாய்ப்பதில்லை, சிமெண்ட் சீட்டையும் மின்கம்பியையும் சேர்த்து இறக்கும். ஊறிப்போன சுவர் இன்னொன்று. 2019 டிசம்பர் 2, மேட்டுப்பாளையம் நடூரில் விடியும் முன்பே சுற்றுச்சுவர் வீடுகள் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். உங்கள் வரைபடத்தில் உயரமான கல் சுவர், மண் சுவர் எங்கே எல்லாம் வீட்டை ஒட்டி நிற்கிறதோ அங்கே எல்லாம் ஒரு புள்ளி வையுங்கள்.

ஊரில் மூத்தவர்கள் மூன்று பேரைத் தனித்தனியாகக் கூட்டிப்போய், “தண்ணி எதுவரைக்கும் வந்துதுங்க?” என்று கேட்டு அந்த இடத்தில் பெயிண்டால் கோடு போடுங்கள். மூவரையும் ஒன்றாகக் கேட்டால் முதலில் பேசுபவர் சொல்வதே மூவர் பதிலும் ஆகிவிடும்.

கடைசியில் மூன்று ஆபத்துகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். பூகம்பம் முதல் தொற்றுநோய் வரை பத்து எழுதிய ஊரில் ஒன்றுக்கும் தயாராக முடியவில்லை.

2. பட்டியல் எடுங்கள்

இந்த வேலையில் பாதி இதுதான், அவசரப்படாதீர்கள். எங்களுக்குப் பதினொரு நாள் பிடித்தது.

ரேஷன் கார்டு பட்டியலை வைத்து எடுக்கக் கூடாது. முதல் தடவை நாங்கள் செய்த பெரிய தப்பு இது. கார்டில் பெயர் இருப்பவர் திருப்பூரில் குடியிருப்பார். இங்கே லைன் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் பெயர் கார்டிலேயே இருக்காது. வீடு வீடாகப் போக வேண்டும். தோட்டத்துச் சாளைகள் (ஊருக்கு வெளியே தோட்டத்திலேயே இருக்கும் வீடுகள்), செங்கல் சூளை, மில் விடுதி, ஆட்டுப்பட்டி போட்டுத் தங்கியிருப்பவர்கள், எல்லோரும் கணக்கில் வரவேண்டும். வடமாநிலத்துத் தொழிலாளர்கள் தங்கும் இடத்தில் தமிழ் பேசத் தெரிந்த ஒருவரைப் பிடித்து அவர் போன் எண்ணையும், அவர் ஊருக்குப் போயிருந்தால் அடுத்து யார் என்பதையும் எழுதுங்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டியவை இவை. தானாக நடந்து வெளியே வர முடியாதவர் உண்டா? கர்ப்பிணி இருந்தால் எத்தனையாவது மாதம்? (செவிலியரிடம் பிரசவத் தேதியே இருக்கும்.) இன்சுலின், டயாலிசிஸ், ஆக்சிஜன், வலிப்பு மாத்திரை என்று நிறுத்த முடியாதது ஏதாவது? ராத்திரி தனியாக இருப்பது யார்? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அப்பா அம்மா இருவரும் மில்லில் நைட் ஷிப்ட் போய்விட, இரண்டு குழந்தைகள் மட்டும் உள்ளே தாழ் போட்டுத் தூங்கும் வீடுகள் எங்கள் ஊரில் ஏழு இருந்தன. அந்தக் கேள்வி கேட்கும் வரை ஊரில் யாருக்கும் அது தெரியாது.

தூக்கிக்கொண்டு வரவேண்டிய வீட்டுக்குச் சிவப்பு, முன்கூட்டிச் சொன்னால் தாமே வரக்கூடிய வீட்டுக்கு மஞ்சள், மற்றது காலி. நோய் விவரத்தை வாட்ஸப்பில் போடாதீர்கள். நோட்டு ஒன்று, நகல் ஒன்று, இரண்டு பேரிடம் மட்டும். நம்பிச் சொன்ன விசயம் வெளியே போனால் அடுத்த வருசம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

3. ஒவ்வொரு சிவப்புக் கதவுக்கும் இரண்டு பேர்

பெயர் சொல்லி, நேரில் கேட்டு, அவர் சரி என்ற பிறகு எழுதுங்கள். கூப்பிடு தூரத்தில் இருப்பவராக இருக்க வேண்டும். சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கும் மகனைவிட எதிர்வீட்டுக்காரர்தான் அந்த ராத்திரிக்கு உதவுவார்.

இரண்டு பேரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். படுக்கையில் இருக்கும் பாட்டியை ஆண்கள் மட்டும் போய்த் தூக்கினால் அவர் கூச்சப்பட்டு மறுப்பார், பத்து நிமிடம் அங்கேயே போய்விடும்.

இளவட்டங்கள் ஐந்து பேர் பைக் வைத்திருக்கிறார்கள் என்று எல்லா வீட்டையும் அவர்கள் தலையில் கட்டும் ஊர்கள் நிறைய. பகலில் அந்த ஐந்து பேரும் பெருந்துறையிலோ திருப்பூரிலோ வேலையில் இருப்பார்கள். பகலுக்கு ஒரு ஆள், ராத்திரிக்கு ஒரு ஆள் என்று பாருங்கள். டாடா ஏஸ், மில் வேன், டிராக்டர் வைத்திருப்பவர்களின் எண்களையும் இதே பக்கத்தில் எழுதுங்கள், சாவி எங்கே இருக்கும் என்பதோடு.

4. தங்கும் இடமும் அதன் சாவியும்

இடம் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும், அதாவது முதல் பகுதியில் பெயிண்ட் அடித்தீர்களே, அந்த மட்டத்துக்கு மேலே. போகும் வழியில் தரைப்பாலம் இருக்கக் கூடாது. கழிப்பறையில் தண்ணீர் வர வேண்டும். பெண்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் தாழ்ப்பாளோடு ஒரு தனி அறை வேண்டும்.

எல்லாச் சாதியாரும் தயங்காமல் வந்து படுக்கக்கூடிய இடமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கோயில் மண்டபத்தைத் தேர்ந்தெடுத்த ஓர் ஊரில் ஒரு தெரு முழுக்க வெள்ளத்தில் வீட்டிலேயே இருந்தார்கள். யாரும் அவர்களை வர வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. அரசுப் பள்ளி, சமுதாயக் கூடம், இந்த மாதிரிப் பொது இடமே நல்லது. உங்கள் ஊரிலும் அந்த மாதிரித் தெருவுக்கு முதல் சேதி போக வேண்டும் என்றும் எழுதி வையுங்கள், தாழ்வான இடத்தில் இருப்பது பெரும்பாலும் அவர்கள் வீடுகள்தான்.

சாவி மூன்று இடத்தில் இருக்கட்டும். தலைமையாசிரியர் பஸ் ஏறி ஊருக்குப் போய்விடுவார்; இரண்டாவது சாவி சத்துணவு அமைப்பாளரிடம், மூன்றாவது பள்ளிக்குப் பக்கத்து வீட்டில். அனுமதி வாங்க வேண்டியவரிடம் முன்பே வாங்கிவிடுங்கள்.

5. சேதி போகும் வழி

“கிளம்புங்க” என்று சொல்லும் அதிகாரம் ஒருவருக்கு, அவர் கிடைக்காவிட்டால் இன்னொருவருக்கு. மூன்றாவது ஆள் சொன்னால் அது சேதி இல்லை. ஒரே சமயத்தில் நாலு பேர் நாலு விதமாகச் சொன்னால் சனங்கள் தங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

மூன்று சொல் போதும்: பாருங்க, கட்டுங்க, கிளம்புங்க. அணை மட்டம் ஏறுகிறது என்றால் “பாருங்க”. உபரி நீர் திறக்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தால் “கட்டுங்க”, அதாவது மூட்டை கட்டித் தயாராக இருங்கள்; அப்போதே சிவப்பு வீடுகளை நகர்த்தத் தொடங்கிவிட வேண்டும், அவர்களுக்கு மற்றவர்களைவிட மூன்று மடங்கு நேரம் ஆகும். “கிளம்புங்க” என்றால் பூட்டிவிட்டு நடப்பது.

கரண்ட் போனால் சில மணி நேரத்தில் செல்போன் டவரும் படுத்துவிடலாம். அதனால் கோயில் மைக்செட்டுக்கு பேட்டரி வையுங்கள். அதே மைக்கில் சாவுச் சேதியும் திருவிழாவும் சொல்கிறோம் இல்லையா, அதனால் அவசரத்துக்கு மட்டும் ஒரு தனி அடையாளம், மூன்று மூன்றாக மணி அடிப்பது போல, முன்பே ஊருக்குத் தெரிந்திருக்கட்டும். தோட்டத்துச் சாளைக்கு மைக் கேட்காது. அங்கே ஆள்தான் போக வேண்டும், எந்த இட்டேரி வழியாக யார் என்பதை எழுதுங்கள்.

அணை உடைந்துவிட்டது என்று ஒவ்வொரு வருசமும் ஒரு வாட்ஸப் வரும். விஏஓ சொன்னது, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077 சொன்னது, தமிழக அரசின் டிஎன்-அலர்ட் செயலியில் வந்தது, இவை தவிர வேறு எதையும் மைக்கில் சொல்லக் கூடாது என்று, “கிளம்புங்க” சொல்லும் அந்த இருவரும் உறுதியாக இருக்க வேண்டும்.

6. வீட்டில் செய்ய வேண்டியவை

தண்ணீரில் இருந்து தொடங்குங்கள். நம் ஊர்களில் கரண்ட் இல்லை என்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லை என்றால் தண்ணீர் இல்லை. காற்று எச்சரிக்கை வந்தவுடன் டேங்க் ஆபரேட்டர் மேல்நிலைத் தொட்டியை நிரப்ப வேண்டும், வீட்டில் குடம், அண்டா, போசி எல்லாம் ரொப்ப வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று மூன்று நாளைக்கு மூடி வையுங்கள்.

பை ஒன்று, தோளில் மாட்டக்கூடியது. மாத்திரை ஒரு வாரத்துக்கு, சீட்டோடு. ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம், மருத்துவக் காப்பீட்டு அட்டை இவற்றின் நகல் பிளாஸ்டிக் உறையில். அசலையும் ஒரே உறையில் வைத்தால் ஒரு கையில் எடுத்துவிடலாம். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக ஆயிரம் ரூபாய், ஏனென்றால் நெட்வொர்க் போனால் ஜிபே ஓடாது. டார்ச், பவர் பேங்க், அவல், பொட்டுக்கடலை, மாதவிடாய் நாப்கின், கைக்குழந்தைத் துணி. முக்கியமான போன் எண்களைத் தாளில் எழுதிப் போடுங்கள், போன் அணைந்தால் மகன் எண் கூட நமக்கு மனப்பாடம் இல்லை.

பையை பீரோவுக்கு மேலே வைக்காதீர்கள், கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டுங்கள்.

இன்சுலின் வைத்திருப்பவர்கள் ஒரு மண்சட்டியை ஈர மணலில் வைத்து, அதற்குள் மருந்தைத் தண்ணீர் படாமல் உறையில் போட்டு மூடி வைக்கலாம். பிரிட்ஜ் நின்றாலும் அவ்வளவாகச் சூடு ஏறாது. வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பாக்கெட் நாலு. இல்லாவிட்டால் கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி. உப்பு கூடினால் குழந்தைக்குக் கெடுதல், கையால் அள்ளிப் போடாதீர்கள்.

கிளம்பும்போது வரிசை: கேஸ் ரெகுலேட்டரை மூடு, மெயின் சுவிட்சை இறக்கு, பையை எடு, பூட்டு. தரை ஈரமாகிவிட்டால் மெயினைத் தொடப் போகாதீர்கள், அப்படியே வெளியே வாருங்கள்.

7. மாடு கன்று

மாட்டுக்காக ஆள் தங்கிவிடுவதுதான் எங்கள் பக்கம் உயிர் போகக் காரணம் ஆகக்கூடியது. “கட்டுத்தறியை உட்டுட்டு எப்படீங்க வர்றது?” என்று கேட்பவரிடம் வாதம் செய்து பயனில்லை, மாட்டுக்கும் ஒரு மேட்டு நிலம் முன்பே பேசி வைத்திருந்தால் அவர் வந்துவிடுவார். “கட்டுங்க” நிலையிலேயே மாட்டை ஓட்டிவிடுங்கள். இரண்டு நாள் சோளத்தட்டு அங்கே போட்டு வையுங்கள். ஒரு கறவை மாடு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் கூடக் குடிக்கும், அதனால் தொட்டி இருக்கும் இடமாகப் பாருங்கள். நேரமே இல்லை என்றால் கயிற்றை அவிழ்த்து விட்டுவிடுங்கள். அவிழ்த்த மாடு நீந்தி மேடு ஏறும், கட்டிய மாடு அதே இடத்தில் சாகும்.

8. அந்த நிமிடத்தில் செய்யக் கூடாதவை

அறுந்த மின்கம்பி: பத்து மீட்டருக்குள் போகாதீர்கள், கம்பில் தள்ளாதீர்கள். ஈர நிலம், முள்கம்பி வேலி எல்லாவற்றிலும் மின்சாரம் ஓடும். மின்வாரியப் புகார் மையம் மின்னகம் 94987 94987, கூடவே லைன்மேன். அவர் நிறுத்திவிட்டேன் என்று சொல்லும் வரை அது உயிருள்ள கம்பிதான்.

தரைப்பாலம்: ஓடும் தண்ணீர் முழங்காலுக்கு வந்தாலே பெரியவர்களைச் சாய்க்கும், ஓர் அடி ஓட்டத்தில் சின்னக் கார் மிதக்கும். அடியில் ரோடு இருக்கிறதா என்பதும் தெரியாது. இரண்டு பக்கமும் ஆள் நிறுத்திக் கயிறு கட்டுங்கள்.

இடி: மின்னல் பார்த்து 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குள். தென்னை மரத்தடியும் வேப்ப மரத்தடியும் வேண்டாம். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் காட்டு வேலைக்கு.

கிணறு: ஆளோ ஆடோ விழுந்தால், அல்லது மோட்டார் பார்க்க இறங்கியவர் சத்தம் இல்லாமல் போனால், அடுத்தவர் இறங்கக் கூடாது. பழைய கிணற்றின் அடியில் மூச்சுக்குக் காற்று இருக்காது. காப்பாற்ற இறங்கியவர் ஒருவர் பின் ஒருவராக மயங்குவார்கள். மேலிருந்து கயிறு போடுங்கள், தீயணைப்புக்கு 101.

பாம்புக் கடி: கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை காலை எலும்பு முறிந்தது போல அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு. விஷமுறிவு மருந்தும் ராத்திரி டாக்டரும் இருக்கும் மருத்துவமனை எது என்பதைச் செவிலியரிடம் இப்போதே கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஆம்புலன்ஸ் 108. எது என்று குழம்பினால் 112. கேஸ் கசிந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவைத் திறந்து வெளியே வந்து 1906.

9. ஒத்திகை

வருசத்துக்கு இரண்டு தடவை: ஆனியில் ஒன்று, புரட்டாசியில் ஒன்று. பகலில் பந்தல் போட்டு மாலை போட்டுச் செய்வது ஒத்திகை ஆகாது. ராத்திரி எட்டு மணிக்கு, தெருவிளக்கை அணைத்துவிட்டு, மூன்று சிவப்பு வீடுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மணி அடித்ததில் இருந்து அந்த ஆத்தா பள்ளிக்கூடத்தில் வந்து உட்காரும் வரை எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். எங்களுக்கு முதல் தடவை 52 நிமிடம் ஆனது; கட்டில் வாசலில் நுழையவில்லை. அப்புறம் பழைய ஜமக்காளத்தில் நாலு மூலைக்குக் கைப்பிடி தைத்து வைத்தோம், 19 நிமிடத்துக்கு வந்தது.

இந்த ஒத்திகையில் எது இல்லாமல் தடுக்கியதோ அதைத்தான் வாங்க வேண்டும். ஊர்ப் பணத்தில் சாமான் வாங்கும் கூட்டத்தை மறுநாள் காலையில் வையுங்கள்.

10. தண்ணீர் வடிந்த பிறகு

கழுவுவதற்கு முன் போட்டோ எடுங்கள், சுவரில் நீர் ஏறிய கோடு தெரிகிற மாதிரி. செத்த மாடு ஆட்டை விஏஓவும் கால்நடை மருத்துவரும் பார்த்துச் சான்று தரும் முன் புதைத்துவிட்டால் நிவாரணம் கேட்க ஆதாரம் இருக்காது. இதில் ஏமாந்தவர்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஆடு வைத்துப் பிழைக்கும் கைம்பெண்கள்தான், அவர்கள் வீட்டுக்கு யாராவது முதலில் போய்ச் சொல்லுங்கள்.

நனைந்த மோட்டாரையும் சுவிட்ச் போர்டையும் எலெக்ட்ரீசியன் பார்க்காமல் போடாதீர்கள். வெள்ளம் புகுந்த கிணறு, தொட்டித் தண்ணீரைச் சுகாதார ஆய்வாளர் குளோரின் போட்டுப் பார்த்துச் சரி சொல்லும் வரை குடிக்க வேண்டாம். அதுவரை லாரித் தண்ணீரைக்கூடக் கொதிக்க வைத்தே குடியுங்கள். வீட்டுக்குள் நுழையும்போது கம்பால் தட்டிக்கொண்டே போங்கள், அரிசி மூட்டைக்குப் பின்னாலும் விறகு அடுக்கிலும் பாம்பு ஒதுங்கியிருக்கும்.

நோட்டில் இன்னொரு வரி சேருங்கள்: அணையில் எத்தனை மணிக்கு எத்தனை கன அடி திறந்தார்கள், நம் படித்துறையின் எந்தப் படிக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது. நாலைந்து தடவை எழுதினால் உங்கள் ஊருக்குக் கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று தெரிந்துவிடும், “கட்டுங்க” என்பதை எப்போது சொல்வது என்று அதை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.